கேவியட் போட்ட பிறகும் பத்திரம் பதிவானது எப்படி?

சிங்கப்பூரில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், சென்ற ஆண்டு என் அலுவலகத்துக்கு வந்து இரண்டு காகிதங்களை மேசை மேல் வைத்தார். ஒன்று, அவர் வேறொரு வழக்கறிஞர் மூலம் முன்சீப் நீதிமன்றத்தில் தாக்கல் செய்த கேவியட் எனும் முன்னெச்சரிக்கை மனுவின் நகல். மற்றொன்று, அதற்கு ஒரு மாதம் கழித்து அவருடைய அண்ணன் பூர்வீக வீடு முழுவதையும் விற்றுப் பதிவு செய்த கிரயப் பத்திரத்தின் நகல். “கேவியட் போட்டாச்சே வக்கீல் சார், அப்புறம் எப்படி ரிஜிஸ்தர் பண்ணினாங்க?” என்று கேட்டார். மனுவைப் போட்டுவிட்ட நம்பிக்கையில் அவர் வேறு எதையும் செய்யாமல் இருந்திருக்கிறார்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதல்ல. கேவியட் என்றால் தடை என்றே பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் இந்தத் தவறான எண்ணம் பாதி விலகிவிடும் என்பது என் அனுபவம்.

முதலில் எழுத்து. ஆங்கிலத்தில் சி, ஏ, வி, இ, ஏ, டி என ஆறே எழுத்துகள். ‘கேவியட்’ என்று காதில் விழுவதால், வி-க்கு அடுத்து இ வர வேண்டிய இடத்தில் ஐ போட்டுவிடுகிறார்கள். சிலர் கடைசியில் தேவையில்லாமல் ஓர் இ சேர்க்கிறார்கள். ஒருமுறை என்னிடம் வந்த தட்டச்சுப் படியில் அது ‘கேவியார்’ ஆகவே மாறியிருந்தது. அது ஸ்டர்ஜன் மீனின் முட்டை, விலை அதிகம், நீதிமன்றத்தில் தாக்கல் செய்யக்கூடியதும் அல்ல. எதிர்த்தரப்பைக் குறிக்கும் ‘கேவியட்டீ’ என்ற இடத்தில் மனுதாரரைக் குறிக்கும் ‘கேவியட்டர்’ என்று மாற்றி அடித்துவிடுவது இதைவிட மோசமான பிழை.

சொல் லத்தீன் மொழியிலிருந்து வந்தது. ‘கவேரே’ என்றால் விழிப்பாக இருத்தல். அதிலிருந்து பிறந்த ‘கவேயத்’ என்ற வடிவத்துக்கு ‘அவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று பொருள். வாழ்க, வருக, காக்க என்று நாம் சொல்கிறோமே, அந்த வியங்கோள் வினைமுற்றுக்கு நெருக்கமான வடிவம் அது. அதாவது, லத்தீனில் அது பெயர்ச்சொல்லே அல்ல. தனியாக நின்று பொருள் தரும் ஒரு முழு வாக்கியம். ‘அஃபிடவிட்’ என்பதும் இப்படித்தான். ‘அவர் சத்தியம் செய்திருக்கிறார்’ என்ற வினைமுற்று, இன்று பிரமாணப் பத்திரத்தின் பெயராகிவிட்டது. வங்கியிலும் கல்லூரியிலும் கட்டும் ‘காஷன் டெபாசிட்’டில் உள்ள முதல் சொல்லும் கேவியட்டின் வேரிலிருந்தே கிளைத்தது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவர் யார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நம்மில் பலர், எதிராளியை எச்சரிப்பதற்காகவே கேவியட் என்று எண்ணுகிறோம். உண்மையில் அந்த எச்சரிக்கை நீதிமன்றத்தை நோக்கியது: ‘இன்னார் உங்களிடம் ஒரு மனுவோடு வரலாம், என்னையும் கேட்காமல் உத்தரவு போட்டுவிடாதீர்கள்’ என்பதே அதன் சாரம்.

இங்கிலாந்தில் உயில் விவகாரங்களை முற்காலத்தில் திருச்சபை நீதிமன்றங்களே கவனித்துவந்தன. உயிலில் சந்தேகம் கொண்ட உறவினர், தனக்குத் தெரிவிக்காமல் அதை மெய்ப்பித்துச் சான்று வழங்கக் கூடாது என்று கேட்டு அங்கே கேவியட் பதிவு செய்தார். 1857ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்த அதிகாரம் அரசின் நீதிமன்றத்துக்கு மாறியபோது கேவியட்டும் கூடவே வந்தது. நம்முடைய 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 284, 285ஆம் பிரிவுகள் அந்த மரபின் தொடர்ச்சி. சென்னை உயர் நீதிமன்றத்தில் உயிலை மெய்ப்பிக்கக் கோரும் ஓ.பி. என்ற அசல் மனுவில் கேவியட்டும் ஆட்சேபணைகளும் தாக்கலானால், அது டி.ஓ.எஸ். என்ற முழு உயில் வழக்காக மாறி, சாட்சி விசாரணை வரைக்கும் போகும். அங்கே கேவியட்டுக்குக் கொஞ்சம் பல் உண்டு.

உரிமையியல் நடைமுறைச் சட்டமோ 1908ஆம் ஆண்டினது. அதில் கேவியட்டுக்கான 148ஏ பிரிவு 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் சேர்க்கப்பட்டு, 1977 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாக்கலான அல்லது தாக்கலாகலாம் என்று எதிர்பார்க்கப்படும் ஒரு மனுவின் விசாரணையில் ஆஜராக உரிமை கோருபவர் கேவியட் போடலாம். போட்டதும், எதிர்த்தரப்புக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்ப வேண்டும். பின்னர் எதிர்த்தரப்பு மனு தாக்கல் செய்தால், நீதிமன்றம் அதைக் கேவியட் போட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். மனுதாரர் அதன் நகல்களை, கேவியட் போட்டவரின் செலவில், அவருக்குக் கொடுக்க வேண்டும். இவ்வளவுதான் அந்தப் பிரிவு. மனுவைத் தள்ளுபடி செய்யும்படி அதில் ஒரு வரிகூட இல்லை. உங்களைக் கேட்டபிறகு அன்றைக்கே எதிர்த்தரப்புக்கு இடைக்காலத் தடை கொடுக்கவும் நீதிபதிக்கு அதிகாரம் உண்டு.

ஆயுள் 90 நாள். அதற்குள் எதிர்த்தரப்பு மனு போடவில்லை என்றால் கேவியட் காலாவதியாகிவிடும். அச்சம் தொடர்ந்தால் புதிதாக இன்னொன்று போட வேண்டும். தாக்கல் செய்த தேதியை நாட்காட்டியில் குறித்துவைக்காதவர்களையே நான் அதிகம் பார்க்கிறேன்.

எழுத்துப் பிழையைப் பற்றி மேலே சொன்னேன். கேவியட் என்ற சொல்லைத் தப்பாக எழுதியதற்காக யாருடைய உரிமையும் போனதை நான் பார்த்ததில்லை. ஆனால் எதிராளியின் பெயரைத் தப்பாக எழுதினால் காரியம் கெடும். மனு தாக்கலாகும்போது நீதிமன்ற அலுவலகத்தில் கேவியட் பதிவேட்டோடு ஒப்பிடுவது கட்சிக்காரர்களின் பெயரைத்தான். தலைப்பெழுத்து மாறினாலோ, பத்திரத்தில் ஒரு பெயரும் ஆதாரில் ஒரு பெயரும் இருந்தாலோ அது கண்ணில் படாமல் நழுவிவிடக்கூடும். இரண்டு பெயரும் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள். எந்த நீதிமன்றத்துக்கு வழக்கு போகும் என்பதையும் யோசியுங்கள்: முன்சீப் நீதிமன்றத்தில் போட்ட கேவியட், சார்பு நீதிமன்றத்தில் தாக்கலாகும் மனுவைத் தடுத்து நிறுத்திக் கேட்காது. பதிவான கேவியட்டை இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் தேடிப் பார்க்கவும் வசதி உண்டு.

சிங்கப்பூர்க்காரர் ஏமாந்ததற்கு ஒரு நியாயம் இருக்கிறது. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்த நிலப் பதிவு முறை, கேவியட்டை நீதிமன்றத்திலிருந்து நிலப் பதிவேட்டுக்குக் கொண்டுபோனது. சிங்கப்பூரும் மலேசியாவும் அந்த முறையைப் பின்பற்றுகின்றன. அங்கே வீடு வாங்க ஒப்பந்தம் போட்டவர், நிலப் பதிவேட்டிலேயே கேவியட் பதிவு செய்வார். அது இருக்கும்வரை அவர் உரிமைக்கு முரணான பரிமாற்றத்தை எளிதில் பதிவு செய்ய முடியாது. இவர் அங்கே அதைக் கண்ணால் பார்த்தவர். நம் ஊரிலோ நீதிமன்றக் கேவியட் சார்பதிவாளரைக் கட்டுப்படுத்தாது. வில்லங்கச் சான்றிலும் வராது. விற்பனையைத் தடுக்க வேண்டுமானால் வழக்குப் போட்டு, இடைக்காலத் தடையாணை வாங்க வேண்டும். அண்ணன் விற்பதற்கு எந்த நீதிமன்றத்திலும் மனுப் போடத் தேவையே இல்லாதபோது, இவருடைய கேவியட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட முடிவு செய்தோம். அண்ணன் விற்றது அவர் பங்கை மட்டுமே கட்டுப்படுத்தும் என்பது எங்கள் வாதம். வாங்கியவர் வீட்டை இடிக்கவோ மறுபடி விற்கவோ கூடாது என்று தடையாணையும் கேட்பதாக இருந்தோம். வழக்குரை தயாராகிக்கொண்டிருந்த வாரத்தில் சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு பதிவுத் தபால் வந்தது. வீட்டை வாங்கியவர், இவர்மீது கேவியட் போட்டிருந்தார். ‘வாங்குபவர் எச்சரிக்கையாக இருக்கட்டும்’ என்று பொருள்படும் ‘கேவியட் எம்ப்டார்’ என்ற பழைய வணிக விதியைக் கிரயத்துக்கு முன்னால் அவர் நினைத்துப் பார்த்தாரோ இல்லையோ, கிரயத்துக்குப் பிறகு சரியான கேவியட்டைச் சரியான நீதிமன்றத்தில் போட்டுவிட்டார். அவருக்கு நகல்களைக் கொடுத்துவிட்டு, இரண்டு தரப்பும் ஆஜராகி, அதன் பிறகுதான் எங்கள் தடை மனு விசாரணைக்கு வந்தது.