இணையதளத்தில் படம் தெரியவில்லையா? முதலில் முகவரியைப் பாருங்கள்

காரைக்குடியில் சிறுதொழில் செய்வோருக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பதும், அவர்களே அமைத்தவற்றைச் சரிசெய்து கொடுப்பதும் என் தொழில். ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கிச் சேலையை விற்பவர், மனகோலமும் சீப்புச் சீடையும் வெளியூருக்கு அனுப்பும் ஆச்சி எனப் பலரும் இப்போது தாமாகவே இணையப் பக்கம் எழுதப் பழகுகிறார்கள். இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஆனால் என்னிடம் வருவோரில் பெரும்பாலோர் சொல்லும் குறை ஒன்றுதான்: "எங்க சிஸ்டத்துல படம் நல்லாத் தெரியுது தம்பி, சிங்கப்பூர்ல மகன் தொறந்தா வெறும் கட்டந்தான் வருதாம்."

படம் அழிந்துவிட்டதோ என்று பதறி, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுவது வீண் வேலை. இணையப் பக்கத்தை எழுதும் மொழி எச்டிஎம்எல்; அதில் எழுதிய பக்கத்துக்குள் படம் இருப்பதில்லை. படக்கோப்பு இருக்கும் இடத்தின் முகவரி மட்டுமே இருக்கிறது. பக்கத்தைத் திறப்பவரின் பிரவுசர் அந்த முகவரிக்குத் தனியே போய்ப் படத்தை எடுத்துவர வேண்டும். உங்கள் கணினியின் சி டிரைவில் தொடங்கும் முகவரியை எழுதியிருந்தால், டெஸ்க்டாப்பில் அந்தப் பக்கத்தை நீங்கள் திறக்கும்போது படம் தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. 'இரண்டாங்கட்டு அலமாரியில் இருக்கிறது' என்றால் வீட்டாருக்குப் புரியும், தபால்காரருக்குப் புரியாது அல்லவா? ஆகவே படங்களையும் சர்வரில், அதாவது உங்கள் இணையதளம் வைக்கப்பட்டிருக்கும் கணினியில், ஒரு ஃபோல்டரில் ஏற்றி, பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அந்த ஃபோல்டருக்குப் போகும் வழியையே எழுத வேண்டும்.

இதையும் சரியாகச் செய்தவர்கள் தடுமாறும் இடம் கோப்பின் பெயர். படக்கோப்பின் பெயர் முடிவில் வரும் 'ஜேபிஜி' என்பதைக் கேமரா கேபிட்டல் எழுத்தில் எழுதியிருக்க, பக்கத்தில் அதையே சிறிய எழுத்தில் எழுதிவிடுகிறோம். விண்டோஸ் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் இணையதளங்களுக்கு இடம் தரும் பெரும்பாலான ஹோஸ்டிங் சர்வர்கள் இயங்கும் லினக்ஸ் இயங்குதளத்தில் இவை இரண்டும் வெவ்வேறு கோப்புகள். இன்னொன்று: விண்டோஸ் கோப்புப் பெயரின் கடைசிப் பகுதியை வழக்கமாக மறைத்தே காட்டுவதால், அது இல்லை என்று நினைத்து நாமும் ஒருமுறை சேர்க்க, 'ஜேபிஜி' இரண்டு தடவை வந்துவிடும். பெயரை ஆங்கிலச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.

எங்கே பிழை என்று கண்டறிய பிரவுசரில் உங்கள் பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, பிழைச் செய்திகளைக் காட்டும் 'கன்சோல்' பகுதியைத் திறந்து பாருங்கள். 404 என்ற எண்ணுடன் சிவப்பில் ஒரு வரி வந்தால், சர்வர் அந்த முகவரியில் கோப்பு இல்லை என்கிறது. அதிலுள்ள முகவரியை ஹோஸ்டிங் ஃபைல் மேனேஜரில் தெரியும் பெயரோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டாலே பெரும்பாலும் பிழை அகப்பட்டுவிடும்.

ஃபேஸ்புக்கில் போட்ட படத்தின் இணைப்பை அப்படியே எடுத்து ஒட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைப்பதில்லை. அந்த இணைப்புகள் சில காலத்தில் காலாவதியாகிவிடும். கூகுள் டிரைவின் பகிர்வு இணைப்போ படத்தைக் காட்டும் பக்கத்தின் முகவரியே தவிர, படத்தின் முகவரி அன்று. ஐபோனில் எடுத்த படமாக இருந்தால் ஹெச்இஐசி வடிவத்தில் இருக்கக்கூடும். குரோம் அதைக் காட்டாது என்பதால் ஜேபிஜியாக மாற்றி ஏற்றுங்கள்.

சரிசெய்த பிறகும் பழைய கட்டமே தெரிந்தால், பிரவுசர் சேமித்து வைத்த பழைய பக்கமாக இருக்கலாம். கன்ட்ரோல் விசையுடன் எஃப்5 அழுத்திப் பாருங்கள். பிறகு வீட்டு வைஃபையில் இல்லாத வேறொருவர் போனிலும் திறக்கச் சொல்லுங்கள்.