ஒன்பதாம் பக்கத்தைப் படித்தீர்களா?

அண்மையில் ஒருவர் தம் மனைவியுடன் என்னைப் பார்க்க வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அமெரிக்க ஃபெடரல் நீதிமன்றமொன்றில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 41 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர். சரணடைய அவகாசம் இருந்தது. "ஊரில் எல்லாரும் அப்பீலில் குறைத்துவிடலாம் என்கிறார்கள், சார்" என்றார். குற்றத்தை ஒப்புக்கொள்ள அரசுடன் அவர் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கொண்டுவந்திருந்தார். அதன் ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினேன். தண்டனை 46 மாதங்களுக்கு மிகாதவரை மேல்முறையீடு செய்ய மாட்டேன் என்ற பத்தியின் ஓரத்தில் அவருடைய சுருக்கொப்பம் இருந்தது. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர்.

கீழ்க்கோர்ட்டில் தோற்றால் மேல்கோர்ட் இருக்கிறது என்பது நம்மவர்களின் இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை. அதனால் இந்தப் பத்தியைச் சம்பிரதாய வாசகம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது சம்பிரதாயம் அன்று, விலை. அரசு சில குற்றச்சாட்டுகளைக் கைவிடுகிறது, குறைந்த தண்டனைக்குப் பரிந்துரைக்கிறது. அதற்கு ஈடாக நீங்கள் கொடுப்பதுதான் இந்த உரிமை. வாங்கியதை வைத்துக்கொண்டு விலையைத் திருப்பிக் கேட்டால் எந்த நீதிமன்றம் கொடுக்கும்? உங்கள் குறை இந்த உரிமைத் துறப்பின் வரம்புக்குள் வருகிறதா, அறிந்தும் விரும்பியும் துறந்தீர்களா, அதை அமல்படுத்துவது பெரும் அநீதியாகுமா என்ற மூன்றையே பத்தாவது சர்க்யூட் (ஃபெடரல் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றங்களுள் ஒன்று) 2004-இல் ஹான் வழக்கில் அளவுகோலாக வைத்தது. மற்ற சர்க்யூட்டுகளின் போக்கும் பெரும்பாலும் இதை ஒட்டியதே. சட்டத்தின் உச்சவரம்பை மீறிய தண்டனை என்றால் வழி உண்டு. "தண்டனை அதிகமாகத் தெரிகிறது" என்பது அநீதிக் கணக்கில் சேராது.

ஃபெடரல் குற்றவியல் நடைமுறை விதி 11-இன்படி நீதிபதியே இந்தத் துறப்பை உங்களுக்கு எடுத்துச் சொல்லி, புரிந்ததா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். அங்கே நீங்கள் சொன்ன "யெஸ், யுவர் ஆனர்" எழுத்துப்பதிவில் நிரந்தரமாக நிற்கும். அலுவலக ஆங்கிலம் வேறு, நீதிமன்ற ஆங்கிலம் வேறு. கௌரவம் பார்க்காமல் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். தண்டனை விதித்தபின் நீதிபதி மேல்முறையீட்டு உரிமையைப் பற்றி வழக்கமாகச் சொல்லும் இரண்டு வரிகளை நம்பியும் இருந்துவிடாதீர்கள். 1995-இல் ஒன்பதாவது சர்க்யூட் அத்தகைய சொற்களுக்கு மதிப்பளித்தது உண்மைதான், ஆனால் வேறு பல சர்க்யூட்டுகள் அதை ஏற்கவில்லை.

கையெழுத்திடும் முன் எத்தனை மாதத்துக்கு மேல் போனால் மேல்முறையீட்டு உரிமை மிஞ்சும் என்றும், எந்தெந்த விலக்குகள் எழுத்தில் உள்ளன என்றும் உங்கள் வழக்கறிஞரிடம் தயவுசெய்து கேளுங்கள். குடிமக்கள் அல்லாதவர்கள் நாடுகடத்தல் பற்றியும் கேட்டே ஆக வேண்டும்.

துறப்பு இருந்தாலும் கட்சிக்காரர் கேட்டால் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்வது வழக்கறிஞரின் கடமை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் கார்சா வழக்கில் சொல்லிவிட்டது. சக வழக்கறிஞர்கள் சிலர் இதை இன்னும் மறந்துவிடுகிறார்கள். துறந்ததை மீறி மேல்முறையீடு செய்தால், அரசும் தன் வாக்குறுதிகளிலிருந்து விலக முற்படலாம் என்பதையும் எடைபோடுங்கள். அறிவிப்பைத் தாக்கல் செய்யத் தீர்ப்பு பதிவானதிலிருந்து 14 நாட்களே அவகாசம்.

"அப்பீல் போடச் சொல்லி உங்கள் வக்கீலிடம் கேட்டீர்களா?" என்று அவரிடம் கேட்டேன். இல்லை என்றார். அன்று பத்தொன்பதாம் நாள். தக்க காரணம் காட்டினால் நீதிமன்றம் மேலும் 30 நாட்கள் வரை நீட்டிக்கலாம் என்பதால் மனு எழுதித் தருகிறேன் என்றேன். அனுமதி கிடைத்தாலும் அரசு முதலில் காட்டப்போவது அந்த ஒன்பதாம் பக்கத்தைத்தான் என்பதையும் சொன்னேன். அவர் மனைவி அந்தப் பக்கத்தை அப்போதுதான் முதன்முறையாகப் படித்துக்கொண்டிருந்தார்.