காஸ்மிக் கதிர்களின் சரிவு: அந்த ஐந்து மடங்கு எங்கே போனது?

பெயர்தான் காஸ்மிக் கதிர். உண்மையில் வந்து விழுபவை துகள்கள்: பத்தில் ஒன்பது புரோட்டான், மீதியில் பெரும்பங்கு ஹீலியம் அணுக்கரு, சுமார் ஒரு சதவீதம் அதைவிடக் கனமானவை.

வளிமண்டலத்தின் உச்சியில் ஒரு சதுர மீட்டருக்கு, 10¹¹ எலக்ட்ரான் வோல்ட்டுக்கு (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு; கீழே வரும் 10-இன் அடுக்குகளும் ஜூல் என்று சொல்லாத இடங்களில் இதே அலகில்) மேற்பட்டவை நொடிக்கு ஒன்று என்ற அளவில் வருகின்றன. 3×10¹⁵-க்கு மேற்பட்டவை ஆண்டுக்கு ஒன்றுதான். இடைப்பட்ட தூரம் முழுக்க ஒரே விதி: ஆற்றல் வரம்பை 10 மடங்கு உயர்த்தினால் எண்ணிக்கை 50-ல் ஒரு பங்காகச் சரியும். இந்தச் சரிவைப் படிக்கத் தெரிந்தால் துகள்களின் பிறப்பிடமும் பயணமும் புரியும்.

பிறப்பிடம் என்று முதலில் சந்தேகிக்கப்படுவது விண்மீன் வெடித்துச் சிதறும் சூப்பர்நோவா. ஒரு வெடிப்பு சுமார் 10⁴⁴ ஜூல் இயக்க ஆற்றலை வெளியே தள்ளுகிறது. பால்வெளியில் நூற்றாண்டுக்கு இரண்டு மூன்று வெடிப்புகள் நடந்தால், அந்த ஆற்றலில் பத்தில் ஒரு பங்கே காஸ்மிக் கதிர்களைப் பராமரிக்கப் போதும்.

வேலையைச் செய்வது வெடிப்பல்ல, அதன் முன்னால் ஓடும் அதிர்ச்சி அலை. அலையின் இருபுறமும் சிக்கலாகக் கிடக்கும் காந்தப்புலங்களில் மோதி, புரோட்டான் அலையைத் திரும்பத் திரும்பக் கடக்கிறது. அலை நொடிக்கு 3,000 கி.மீ. வேகத்தில், அதாவது ஒளிவேகத்தில் 1 சதவீதத்தில், செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொரு சுற்றிலும் துகளின் ஆற்றல் 1 சதவீதம் கூடும். அதே சுற்றில் 1 சதவீதத் துகள்கள் பின்னால் அடித்துச் செல்லப்பட்டு ஆட்டத்தை விட்டே வெளியேறும். 70 சுற்றில் ஆற்றல் இரட்டிப்பாகும், எஞ்சியவை பாதியாகும். ஆக, ஆற்றல் 10 மடங்கானால் எண்ணிக்கை பத்தில் ஒன்று. வலுவான அலை வாயுவை 4 மடங்கு நெருக்குவதால் வரும் கணக்கு இது. அலை வேகமானால் இரு சதவீதங்களும் சேர்ந்தே ஏறும், விடை மாறாது. 1977-78-ல் பலர் தனித்தனியே இதே முடிவுக்கு வந்தார்கள்.

ஆனால் நாம் அளப்பது 50-ல் ஒன்று. இடையில் ஐந்து மடங்கு காணவில்லை.

அதில் ஒரு பகுதிக்குப் பயணம் பொறுப்பு, சாட்சி போரான். விண்மீன்கள் போரானை ஏறக்குறைய உருவாக்குவதே இல்லை. காஸ்மிக் கதிர்களில் அது தாராளமாக இருக்கிறது. கார்பனும் ஆக்சிஜனும் வழியில் ஹைட்ரஜனில் மோதி உடைந்த சில்லுகள் அவை. எவ்வளவு போரானோ, அவ்வளவு பொருளைக் கடந்திருக்கின்றன. காலப்போக்கில் சிதைந்து குறையும் கதிரியக்க பெரிலியம்-10-இன் எஞ்சிய அளவையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த ஆற்றல் துகள்கள் கோடி ஆண்டுக் கணக்கில் பால்வெளியில் அலைந்தவை. ஆற்றல் கூடக்கூடப் போரான் விகிதம் குறைகிறது. வேகமாகத் தப்பிவிடுகின்றன என்று பொருள். விண்வெளி நிலையத்தில் 2011 முதல் இயங்கும் ஏஎம்எஸ் கருவியின் அளவீட்டின்படி, ஆற்றல் 10 மடங்குக்கு இந்தக் கசிவால் சுமார் இரண்டு மடங்கு இழப்பு. மிச்சம் இரண்டரை மடங்கைப் பயணத்தின் தலையில் கட்ட முடியாது. அலையோடு நகரும் காந்த அலைகள் நெருக்கத்தின் பலனைக் குறைத்து, மூலத்திலேயே சரிவைச் செங்குத்தாக்குகின்றன என்பதே எனக்கு ஏற்புடைய விளக்கம்.

3×10¹⁵-இல் சரிவு இன்னும் கூடுகிறது. 1958-இல் கண்டறியப்பட்ட இந்த வளைவுக்கு 'முழங்கால்' என்று பெயர். காந்தப்புலம் மின்னூட்டத்துக்கேற்பவே துகளைப் பிடித்துவைக்கும் என்பதால், புரோட்டான் தளரும் இடத்திலிருந்து 26 மடங்கு மின்னூட்டம் கொண்ட இரும்பு அணுக்கரு 26 மடங்கு தள்ளித் தளர வேண்டும். 10¹⁷ அருகே தெரியும் இரண்டாவது வளைவு அதற்குப் பொருந்துகிறது.

சிக்கல் வேறிடத்தில். சுமார் 350 வயதான காசியோபியா ஏ என்ற சூப்பர்நோவா எச்சத்தின் காமா கதிர்கள் 3.5×10¹² அருகிலேயே மடிந்துவிடுகின்றன. புரோட்டான் வாயுவில் மோதும்போது பிறக்கும் காமா ஃபோட்டான் அந்தப் புரோட்டானின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை ஏந்தும் என்பதால், அங்குள்ள புரோட்டான்கள் முழங்காலை எட்டவே இல்லை. மாறாக, 2021-இல் சீனாவின் லாசோ ஆய்வகம் 10¹⁴-க்கு மேற்பட்ட காமா கதிரில் ஒளிரும் 12 மூலங்களை அறிவித்தது. அவற்றில் 1.4×10¹⁵ ஃபோட்டான் வந்தது சிக்னஸ் பகுதியிலிருந்து. பெருநிறை இளம் விண்மீன்கள் கூட்டமாகக் காற்றை வீசிக்கொண்டிருக்கும் இடம் அது.