"சோறுதானே போட்டேன், வக்கீல் சார்?"

அந்த அம்மாவுக்கு 55 வயதிருக்கும். கையில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டு. ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் வீட்டில் கைக்குக் கிடைத்த காகிதத்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்.

"அக்கா மகன் சார். ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினான். பசிக்குது சித்தின்னான். சோறு போட்டேன், பாய் விரிச்சுக் கொடுத்தேன். காலைல ரெண்டாயிரம் ரூபாய் கொடுத்து பஸ் ஏத்திவிட்டேன். இது ஒரு குத்தமா சார்?"

"அவன் என்ன செய்துவிட்டு வந்தான் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது அம்மா?" என்று கேட்டேன்.

பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "ராத்திரி தெரியாது சார். விடியக்காலைல அக்கா போன் பண்ணி அழுதா. ஒருத்தனை வெட்டிட்டு ஓடிட்டானாம், வெட்டுப்பட்டவன் செத்துட்டானாம்."

அவர் வழக்கு முழுக்க அந்தப் போனில்தான் இருக்கிறது. அதற்கு முன் போட்ட சோறும் விரித்த பாயும் குற்றமல்ல. அதற்குப் பின் கொடுத்த 2,000 ரூபாய் குற்றமாகிறது.

குற்றம் செய்தவருக்கு அடைக்கலம் கொடுப்பது, 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 249-ஆவது பிரிவு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 212. ஒரு குற்றம் நடந்திருக்க வேண்டும். அதைச் செய்தவர் இவர்தான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்திருக்க வேண்டும். தண்டனையிலிருந்து அவரைத் தப்ப வைக்கும் நோக்கத்தில் நீங்கள் அடைக்கலம் கொடுத்திருக்க வேண்டும். இந்த மூன்றையும் நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்பு. சொந்தக்காரர் என்பதற்காக மட்டும் யாரையும் இந்தப் பிரிவில் தண்டிக்க முடியாது.

"ஒரு ராத்திரிதான் சார் தங்கினான்" என்பது நான் அடிக்கடி கேட்கும் பேச்சு. சட்டத்தில் ராத்திரிக் கணக்கு கிடையாது. தங்க இடம் கொடுத்திருக்கவே வேண்டும் என்றும் இல்லை. உணவு, தண்ணீர், பணம், துணி, ஆயுதம், வண்டி, இவற்றில் எதைக் கொடுத்தாலும், பிடிபடாமல் இருக்க வேறு எந்த வழியில் உதவினாலும் அது அடைக்கலம்தான். வெளியூரில் பதுங்கியிருக்கும் நண்பனுக்கு ஜிபேயில் பணம் அனுப்புவதும், உங்கள் பெயரில் சிம் வாங்கிக் கொடுப்பதும் இதில் வரும். போலீஸ் முதலில் எடுப்பதே போன் அழைப்பு விவரங்களையும் வங்கிக் கணக்கையும்தான். "அன்றைக்கு நான் பேசவே இல்லை" என்று சொல்லிவிட்டு, பிறகு அழைப்புப் பட்டியலைப் பார்த்து முகம் வெளுத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்டனை, ஓடி வந்தவர் செய்த குற்றத்தைப் பொறுத்தது. கொலை போல மரண தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்றால் அடைக்கலம் கொடுத்தவருக்கு 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். ஆயுள் அல்லது 10 ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றம் என்றால் 3 ஆண்டு வரை. அதற்குக் கீழே, அதிகபட்ச தண்டனையில் நாலில் ஒரு பங்கு வரை. வீட்டுக்குள் நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு என்றால், திருடியவரை ஒளித்து வைத்தவருக்கு ஒன்றேமுக்கால் ஆண்டு வரை. காவலிலிருந்து தப்பியவர், அல்லது கைது செய்ய உத்தரவு போடப்பட்டவர் என்று தெரிந்தே ஒளித்து வைத்தால் 253-ஆவது பிரிவு. கொலை வழக்கில் அது 7 ஆண்டு வரை போகும்.

இதில் விலக்கு ஒரே உறவுக்குத்தான்: கணவன் அல்லது மனைவி. பெற்ற தாய்க்குக் கிடையாது. அப்பா, அண்ணன், தங்கை, சித்தி யாருக்கும் கிடையாது. பெற்றவளைப் பார்த்து இதைச் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு கனக்கும். இத்தனை வருடத்திலும் அது பழகவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் அவரும் உள்ளே போய்விடுவார்.

மனைவிக்கும் இது முழுக் கவசம் அல்ல. கணவனை வீட்டில் வைத்திருந்தது விலக்கில் வரும். அவனைக் காப்பாற்ற ரத்தக்கறைச் சட்டையைத் துவைத்தால், அரிவாளைக் கிணற்றில் போட்டால், அது தடயத்தை அழித்த குற்றம், பிரிவு 238. அங்கே எந்த உறவுக்கும் விலக்கு இல்லை.

கஞ்சா, போதை மாத்திரை விவகாரம் என்றால் இன்னும் கவனம் தேவை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 27ஏ பிரிவில், கடத்தலில் ஈடுபட்டவருக்கு அடைக்கலம் கொடுத்தால் குறைந்தபட்சமே 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு, அபராதம் 1 லட்சத்துக்குக் குறையாது. ஜாமீனும் லேசில் கிடைக்காது. ரூமில் நண்பனைத் தங்க வைக்கும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது தெரிவதே இல்லை.

சரி, கதவைத் தட்டிவிட்டான், விஷயமும் தெரிந்துவிட்டது. என்ன செய்வது? வக்கீலிடம் கூட்டிப் போங்கள், அல்லது வக்கீலை வரச் சொல்லுங்கள். மாஜிஸ்திரேட் கோர்ட்டிலோ ஸ்டேஷனிலோ சரணடைய வைக்கலாம். அதற்காகக் கூட்டிப் போவது அடைக்கலம் ஆகாது. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. கொலை போன்ற குற்றங்களில், நியாயமான காரணம் இல்லாமல் தகவல் சொல்லாமல் இருப்பதே தனிக் குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம்.

போலீஸ் விசாரணைக்குக் கூப்பிட்டால் பொய் சொல்லாதீர்கள். பெண்களையும் 60 வயதுக்கு மேற்பட்டவர்களையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதை மரியாதையாகக் கேட்கலாம்.

அந்த அம்மாவுக்கு மூன்றாம் நாள் வேறொரு நம்பரிலிருந்து போன் வந்தது. இன்னும் 5,000 வேண்டும் என்றான். "பணம் தரமாட்டேன் தம்பி, கோர்ட்டுக்கு வா, நானும் வரேன்" என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் வந்தான். சித்தி பெயரும் வழக்கில் சேர்ந்தது. 249 பிணையில் விடத்தக்க பிரிவு என்பதால் ஜாமீன் உடனே கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கிறது. இப்போது சிறையில் மனு போட்டு அவனைப் பார்த்துவிட்டு வருகிறார். முதல் தடவை போவதற்கு முன் எனக்குப் போன் பண்ணி, "இதுக்கு ஒண்ணும் கேஸ் போட மாட்டாங்களே சார்?" என்று கேட்டார். "மாட்டார்கள், தைரியமாகப் போங்கள்" என்றேன்.