லீவர் இருக்கிறது, ஷாஃப்ட் இருக்கிறதா? முதல் காராகப் பழைய ஃபோர் வீல் வண்டி வாங்குவோருக்கு

மோட்டார் காப்பீட்டு சர்வேயராக இருப்பதால், விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. ஆனால் சில ஆண்டுகளாக, வண்டி வாங்குவதற்கு முன்பே "சார், ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்க" என்று அழைப்பவர்களும் கூடிவிட்டார்கள். அவர்களில் பலர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று ஆண்டுகள் ஆன இளைஞர்கள். கையில் இருக்கும் சேமிப்புக்குப் புதிய சிறிய கார் எட்டவில்லை. அதே பணத்துக்குப் பழைய ஃபோர் வீல் ஜீப் ஒன்று, அதாவது நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப், கிடைக்கிறது என்று தெரிந்ததும் மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. ஏலகிரியும் ஜவ்வாது மலையும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடும் தூரத்தில் இருக்கும்போது அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

சென்ற கோடையில் காட்பாடிக்கு அருகே ஒரு வீட்டு வாசலில் அப்படியொரு ஜீப்பைப் பார்க்கப் போயிருந்தேன். புதிய பெயின்ட், பெரிய டயர், முன்னால் குழாய்க் கம்பி பம்பர் எனப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கியர் லீவருக்குப் பக்கத்தில் ஃபோர் வீல் லீவரும் இருந்தது. இழுத்தால் 'டக்' என்று விழவும் செய்தது. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இழுவையை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குப் போக வேண்டிய புரொப்பல்லர் ஷாஃப்ட் எனும் சுழல் தண்டே அங்கு இல்லை. அது பூட்டப்பட வேண்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் உறையைச் சுற்றி, சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டியிருந்தார்கள். நான்கு போல்ட் துளைகளிலும் மண் அடைத்துக் காய்ந்து கிடந்தது. லீவரை எந்தப் பக்கம் தள்ளினாலும் அந்த வண்டியின் முன் சக்கரங்களுக்கு இன்ஜினின் இழுவை போகப்போவதில்லை.

விற்பவர் சங்கடப்படவே இல்லை. "அத்த கயட்டிட்டா மைலேஜ் நல்லா வரும் சார், சத்தமும் இருக்காது. பேப்பரெல்லாம் கரெக்டா கீது. நம்ம ஊர்ல ஃபோர் வீல் இன்னாத்துக்கு?" என்றார்.

அவருடைய கடைசிக் கேள்வி நியாயமானது. வாங்க வந்தவர் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. சத்துவாச்சாரியிலிருந்து இராணிப்பேட்டை சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்வருபவருக்கு நெடுஞ்சாலையும் சர்வீஸ் ரோடும் போதும். ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் தார்ச் சாலைதான். அதில் தினமும் பேருந்து ஏறுகிறது. ஜமுனாமரத்தூர் வரைக்கும் சாதாரணக் காரிலேயே போய்வரலாம். ஃபோர் வீல் உண்மையில் தேவைப்படுவது, ஒடுகத்தூருக்கு மேலே மலைக் கிராமங்களில் மழைக்காலத்து மண் பாதையில் ஏறி இறங்குபவருக்கும், ஏரிக்கரை ஓரத்து நிலத்துக்குச் சேற்றில் உரமூட்டை கொண்டுபோகிறவருக்கும், வேறு சிலருக்கும்தான். அவர்களுக்கு இதைவிட நல்ல முதல் வண்டி இல்லை என்றே சொல்வேன். மற்றவர்களுக்கு, வண்டி உயரமாக இருப்பது வேறு, நான்கு சக்கரமும் இழுப்பது வேறு என்பதை முதலில் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தக் குழப்பத்தை வண்டிகளின் தோற்றமே உண்டாக்குகிறது. பொலேரோ, ஸ்கார்ப்பியோ, சுமோ, பழைய சஃபாரி ஆகியவற்றில் ஃபோர் வீல் வகைகளும் வந்தன என்றாலும், சாலையில் நாம் காண்பவற்றில் மிகப் பெரும்பாலானவை பின் சக்கரம் மட்டும் இழுப்பவை. 2010-இல் வந்த மஹிந்திரா தாரிலும்கூட டூ வீல் வகை ஒன்று உண்டு. 1985-இல் வந்த மாருதி ஜிப்சியைத் தேடுபவர்கள், 1996-க்குப் பிறகு வந்த 1.3 லிட்டர் இன்ஜின் வண்டியா, அதற்கு முந்தைய 1 லிட்டர் வண்டியா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் இழுவையில் பெரிய வித்தியாசம் உண்டு.

வாங்கும் விலை மலிவாக இருப்பதற்குக் காரணம், ஓட்டும் செலவைத் தாங்க முடியாமல் முந்தைய உரிமையாளர் அதைக் கைகழுவுகிறார் என்பதாகவே பல சமயம் இருக்கிறது. ஒரு சிறு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள். லிட்டருக்கு 20 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய காருக்கு 50 லிட்டர் பெட்ரோல் போதும். லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கும் பழைய பெட்ரோல் ஜீப்புக்கு 100 லிட்டர் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 5,000, ஆண்டுக்கு 60,000 ரூபாய் கூடுதலாகிறது. மூன்று ஆண்டுகளில் 1,80,000 ரூபாய். வாங்கும்போது மிச்சம் பிடித்ததாக நினைத்த பணம் இப்படித்தான் கரைகிறது. தவிர, பத்து வயது தாண்டிய வண்டிக்குக் கடன் தர வங்கிகள் தயங்குவதால், பெரும்பாலும் முழுத் தொகையையும் கையிலிருந்தே போட வேண்டியிருக்கும்.

இனி, ஃபோர் வீல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனெனில் இது தெரியாமல் வாங்கியவர்கள் வாங்கிய மாதத்திலேயே அதை உடைத்துக்கொண்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பழைய வண்டிகளில் சாதாரண ஓட்டத்தில் பின் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். லீவரைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் ஒன்றாகப் பிணைத்துவிடுகிறது. அதன்பின் இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்ற முடியும். ஆனால் வளைவில் திரும்பும்போது முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் போகின்றன. மண்ணிலும் சேற்றிலும் டயர் சற்று வழுக்கி இந்த வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும். காய்ந்த தார்ச் சாலையிலோ டயர் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், அதன் கிராஸ் ஜாயின்ட்டுகளிலும், பல்சக்கரங்களிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

குடியாத்தத்திலிருந்து வந்த ஒருவர், "மலை ஏறுறோமே" என்று ஏலகிரி அடிவாரத்திலேயே ஃபோர் வீலைப் போட்டுக்கொண்டு வளைவு வளைவாகத் திரும்பியிருக்கிறார். பாதி தூரத்தில் ஸ்டியரிங் இறுகியது, வண்டி விம்மி விம்மி நகர்ந்தது, பிறகு அடியில் 'படார்' என்றது. டிரான்ஸ்ஃபர் கேஸைப் பிரித்தபோது உடைந்த பற்கள் எண்ணெயோடு கொட்டின. முழுக் காப்பீடு எடுத்திருந்த நம்பிக்கையில் அவர் இழப்பீடு கேட்டிருந்தார். விபத்து ஏதுமின்றி இயந்திரம் தானாகப் பழுதாவதும், தேய்மானமும் நம் மோட்டார் பாலிசிகளில் சேராது. அது இயலாது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவன் நான்தான். வெள்ளத்தில் இன்ஜினைக் கெடுத்துக்கொண்டாலும் பெரும்பாலும் இதே நிலைதான். 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தபோது, உயரமான வண்டிதானே என்று தண்ணீருக்குள் இறக்கி, தண்ணீர் புகுந்து நின்றுபோன இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் செய்து, அதனுள் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடை வளைத்துக்கொண்டவர்கள் உண்டு. இன்ஜினுக்கென்று தனிச் சேர்ப்பு (ஆட்-ஆன்) பாலிசியில் இல்லாவிட்டால் அந்தச் செலவும் நம் தலையில்தான் விழும்.

ஆகவே வண்டியைப் பார்க்கப் போகும்போது, இன்ஜின் சத்தத்தைக் கேட்பதோடு நிறுத்தாமல், யாரும் பயன்படுத்தாமல் கிடந்த அந்த முன்பாதியைப் பார்க்க வேண்டும். நான் செய்வது இதுதான். சமதரையில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு, முன் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குவேன். சக்கரத்தின் நடுவில் கையால் திருகிப் பூட்டும் ஹப் இருந்தால் இரு பக்கமும் பூட்டிக்கொள்வேன். லீவர் டூ வீலில் இருக்கும்போது தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்ற முடியும். ஃபோர் வீலில் போட்டபின் அது விரல்கடை அளவு ஆடி, அப்படியே நின்றுவிட வேண்டும். லீவர் விழுந்த பிறகும் சக்கரம் தாராளமாகச் சுற்றினால், உள்ளே எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. நிற்பதற்கு முன் கால் சுற்று ஆடினால் அச்சுக்குள் இருக்கும் கிரவுன், பினியன் என்ற பல்சக்கரங்களும் ஜாயின்ட்டுகளும் தேய்ந்திருக்கின்றன. லீவருக்குப் பதில் பொத்தான் உள்ள வண்டிகளில், டாஷ்போர்டில் விளக்கு எரிவதை மட்டும் சான்றாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடுத்து ஒரு மண் பாதைக்கு ஓட்டிச் சென்று, நின்ற நிலையில் ஃபோர் வீல் லீவரை, வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் 'லோ'வில் போட்டு, முதல் கியரில் கிளட்சை மெதுவாக விட்டால், ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி மாடு நடக்கும் வேகத்தில் ஊர்ந்து போக வேண்டும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது முன் சக்கரத்தின் பின்புறத்திலிருந்து 'டிக் டிக்' என்று ஒலி வந்தால் உள்ளிருக்கும் ஜாயின்ட்டுக்கு ஆயுள் முடிகிறது என்று பொருள். விற்பவர் மண் பாதைக்கு வர மறுத்தால், நான் அத்தோடு விடைபெற்றுக்கொள்வேன்.

அடிச்சட்டத்தில், ஸ்பிரிங் பட்டைகள் தொங்கும் இடங்களை ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிப் பாருங்கள்; நல்ல இரும்பு கணீரென்றும், உள்ளே துருப்பிடித்தது மந்தமாகவும் ஒலிக்கும். வேலூர் வண்டியில் துரு குறைவு; கடற்கரை ஊர்களிலிருந்து வந்த வண்டியில்தான் கவனம் தேவை. சேஸிஸ் முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் அது எதை மறைக்கிறது என்று யோசிக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும்: 2316 என்றால் 2016-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் தேயாமல் இருந்தாலும், வெயிலூர் என்றே கேலி பேசப்படும் நம் ஊர் வெயிலில் ஆண்டுக்கணக்கில் நின்ற டயர், பக்கவாட்டில் விரிசல் விட்டிருக்கும். நான்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதை ஃபோர் வீல் வண்டியில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

ஆவணங்களில் முதலில் ஆர்.சி. எனும் பதிவுச் சான்று எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 ஆண்டுகள், அதன்பின் எஃப்.சி. எனும் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் கட்ட வேண்டும். 600 ரூபாயாக இருந்த கார் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 20 வயது தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கப்பட்டது. டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு விதிக்கப்பட்ட தடையால் அங்கிருந்து மலிவாக இங்கு வருபவையும், சித்தூர், பெங்களூர் பக்கத்திலிருந்து வருபவையும் நம் சந்தையில் ஏராளம். அவற்றுக்குத் தடையின்மைச் சான்று வாங்கி, இங்கு ஆயுள் வரி கட்டி, டிஎன் 23 எண் பெறும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகுதான் அது மலிவா என்று சொல்ல முடியும்.

இளைஞர்கள் அதிகம் ஏமாறுவது மாற்றம் செய்த வண்டிகளில்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. பெட்ரோல் ஜீப்பில் வேறு வண்டியின் டீசல் இன்ஜின், கூரையை வெட்டி எடுத்த உடல், குழாய்க் கம்பி பம்பர் எல்லாம் எஃப்.சி.யின்போது கழுத்தைப் பிடிக்கும். இன்ஜின் எண்ணை நீங்களே துடைத்துப் படித்து, ஆர்.சி.யுடன் ஒப்பிடுங்கள். இராணுவ வண்டி என்று ஆசைகாட்டிப் பச்சை மாறாமல் விற்பார்கள். அந்த ஆலிவ் பச்சை நிறத்தைப் பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் பூசக் கூடாது என்பதும் விதி.

புதிதாக ஓட்டப் பழகியவருக்கு இந்த வண்டி ஏற்றதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. ஓட்டுநர் ஏர்பேக்கும், சட்டென்று மிதித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019-இல்தான். அதற்கு முந்தைய ஜீப்புகள் பலவற்றில் இரண்டும் கிடையாது. உயரம் அதிகம், நீளம் குறைவு. நெடுஞ்சாலையில் குறுக்கே நாய் வந்தது என்று சட்டென்று ஒடித்தால் கவிழ்ந்துவிடும். பின்னால் பக்கவாட்டு இருக்கையில் பெல்ட் இல்லாமல் உட்கார்ந்து வந்தவர்களின் காயங்களை அறிக்கையில் எழுதிய அனுபவத்தில் சொல்கிறேன், நண்பர்களை அதில் ஏற்றிக்கொண்டு பெங்களூர் சாலையில் போகாதீர்கள்.

இவ்வளவும் பார்த்து வாங்கியவர்களும் இருக்கிறார்கள். அணைக்கட்டுப் பக்கத்தில் நிலம் வைத்திருக்கும் ஒரு தம்பி, எல்லாச் சோதனையிலும் தேறிய ஒரு பழைய ஜீப்பை வாங்கினார். முதல் வேலையாக இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு, பின் அச்சு என்று ஐந்து இடத்திலும் எண்ணெயை மாற்றச் சொன்னேன். முன் அச்சிலிருந்து இறக்கியதைப் பழைய நாளிதழ்மேல் ஊற்றிப் பார்த்தோம்; தண்ணீர் புகுந்திருந்தால் மோர் போல வெளுத்திருக்கும், பல் தேய்ந்திருந்தால் வெள்ளித் துகள் மின்னும். இரண்டும் இல்லை, கறுத்திருந்தது மட்டும்தான். மாதத்துக்கு ஒருமுறை நிலத்துக்குப் போகும் வண்டிப் பாதையில் அரை கிலோமீட்டர் ஃபோர் வீலில் ஓட்டி, தார் ரோடு ஏறும் முன் கழற்றிவிடுகிறார். பெட்ரோல் செலவைப் பற்றி மட்டும் இன்றுவரை என்னிடம் புலம்பிக்கொண்டுதான் இருக்கிறார்.