நான்கு பக்கப் பாடக்குறிப்பும் நான்கிலொன்றும்

பாடம் நடத்துவதற்கு முன் பக்கம் பக்கமாக எழுதிய பாடக்குறிப்பு வகுப்பில் கைகொடுக்காததை நான் காண்பது, இந்தத் தவணையில் இது மூன்றாவது முறை. முன்னைய இரண்டையும் பொறுத்துக்கொண்டேன். சென்ற வாரம் மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் கண்டதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆசிரிய ஆலோசகர் என்ற முறையில் தரம் 6 வகுப்பின் கடைசி வாங்கில் அமர்ந்திருந்தேன். நியமனம் பெற்று இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத இளம் ஆசிரியை. கண்கள் சிவந்திருந்தன. அவர் நீட்டிய பாடக்குறிப்புப் புத்தகத்தில் அன்றைய ஒரேயொரு பாடவேளைக்கு நான்கு பக்கங்கள். தேர்ச்சி, தேர்ச்சி மட்டம், கற்றற் பேறு என்று ஒன்றும் விடாமல், சிவப்பு மையில் அடிக்கோடிட்டு, அச்சுக் கோத்தது போன்ற கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், டீச்சர்?" என்று கேட்டேன்.

"ஒரு மணி ஆகிவிட்டது, சேர். நீங்கள் வருவதாக அதிபர் நேற்றுத்தான் சொன்னார்."

பாடம் பின்னங்கள். மூன்றிலொன்று பெரிதா, நான்கிலொன்று பெரிதா என்று கேட்டார். வகுப்பில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் நான்கிலொன்றுக்குக் கை உயர்த்தினார்கள். மூன்றைவிட நான்கு பெரிது. பிள்ளைகளின் கணக்கு அவ்வளவுதான். ஆசிரியை திகைத்துப்போய்ப் பாடக்குறிப்பைப் புரட்டினார். நான்கு பக்கங்களிலும் அதற்கு ஒரு வரி இல்லை. கடைசியில் சரியான விடையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். பிள்ளைகளும் அதைப் பார்த்து எழுதிக்கொண்டார்கள்.

பாடவேளை முடிந்த பிறகு ஆசிரியர் வழிகாட்டியை எடுத்துப் பாடக்குறிப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சொல்லுக்குச் சொல் அதே. நள்ளிரவு தாண்டும் வரை அவர் திட்டமிடவில்லை, படியெடுத்திருக்கிறார்.

நீளமான பாடக்குறிப்பே நல்ல பாடக்குறிப்பு என்ற எண்ணம் நம்மிடையே வேரோடிப் போயிருக்கிறது. இதை எத்தனை பயிற்சிப் பட்டறைகளில் சொல்லியாயிற்று! ஆசிரியர்களே, மறுபடியும் சொல்கிறேன். ஆசிரியர் வழிகாட்டி மஹரகமவில் தேசிய கல்வி நிறுவகத்தில் தயாரிக்கப்பட்டு, அச்சாகி, உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. அதை உங்கள் கையெழுத்தில் இன்னொரு முறை எழுதுவதால் அது உங்கள் தலைக்குள் போய்விடாது. பிள்ளை எதைச் செய்யக் கற்கிறது என்பதை மையமாகக் கொண்ட தேர்ச்சி மையக் கலைத்திட்டம் 2007இல் வந்தபோது, பிள்ளைகளை ஈடுபடுத்தல் முதல் மதிப்பிடல் வரை ஐந்து கட்டங்களாகப் பாடத்தை நடத்தும் முறையும் வந்தது. அந்தக் கட்டங்களின் தலைப்புகளை எழுதி, கீழே வழிகாட்டியின் வாக்கியங்களை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது என்று அன்று தொடங்கிய பழக்கம் இன்னும் போகவில்லை. வழிகாட்டியை எழுதியவருக்கு உங்கள் வகுப்பைத் தெரியாது. எந்தப் பிள்ளைக்கு வாய்பாடு வராது, எவன் கிழமையில் இரண்டு நாள் வருவதில்லை, யாருக்குக் கரும்பலகை சரியாகத் தெரிவதில்லை என்பதெல்லாம் உங்களுக்கு மட்டுமே தெரியும். நீங்கள் எழுத வேண்டியது அதைத்தான்.

கணக்கையும் பாருங்கள். வாரத்துக்கு 30 பாடவேளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம் எழுதினால் 20 மணித்தியாலம். காலை ஏழரைக்குப் பாடசாலையில் நிற்க வேண்டி ஐந்து மணிக்கே பஸ்ஸைப் பிடிக்கும் ஒருவர் அந்த 20 மணித்தியாலத்தை எங்கே போய்த் தேடுவார்? தூக்கத்திலிருந்துதான் எடுக்கிறார். அந்தத் தூக்கக் கலக்கத்தைப் பிள்ளைகள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

இதற்கு மாற்றாகச் சிலர் கண்டுபிடித்திருக்கும் வழி இன்னும் மோசம். வட்ஸ்அப் குழுவில் வந்த யாரோ ஒருவரின் குறிப்பைப் பெயர் மாற்றி ஒட்டிவிடுகிறார்கள். அண்மையில் ஒருவர் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு வாங்கிய குறிப்பைக் காட்டினார். அதில் பிள்ளைகள் காணொளியைத் திரையில் பார்ப்பதாக இருந்தது. அந்த வகுப்பறைக்கு மின்சார இணைப்பே கிடையாது. மற்றவரின் குறிப்பையும் கருவியின் உதவியையும் நான் தடுக்கவில்லை. ஆனால் வாசித்து, வெட்டி, உங்கள் வகுப்புக்கு ஏற்பத் திருத்தாமல் எடுத்துக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் நாளுக்கு நாள் எழுதுவதை விடுங்கள். ஒரு தேர்ச்சி மட்டத்துக்கு, அதாவது பிள்ளைகள் எட்ட வேண்டிய ஒரு படிக்கு, எத்தனை பாடவேளை என்று வழிகாட்டியே சொல்கிறது. அந்தப் பாடவேளைகள் அனைத்தையும் ஒரே அமர்வில், ஒரே தாளில் திட்டமிடுங்கள். முதலில் கடைசி வினாவை எழுதுங்கள். அலகு முடியும்போது எந்தக் கணக்கைச் செய்தால், எந்தப் பந்தியை எழுதினால் பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று ஏற்றுக்கொள்வீர்கள்? அது தெரிந்தால் நடுவில் தேவையற்றவை தாமாகவே உதிர்ந்துவிடும். பிறகு பிள்ளைகள் எங்கே சறுக்குவார்கள் என்பதை ஒரு வரியில் குறியுங்கள். பகுதியெண் பெரிதானால் பின்னமும் பெரிது என்று நினைப்பார்கள். இந்த வரி இருந்திருந்தால் அந்த ஆசிரியை இரண்டு ரொட்டிகளோடு வந்திருப்பார். ஒன்றை மூன்றாக, மற்றதை நான்காகப் பிய்த்து, உனக்கு எந்தத் துண்டு வேண்டும் என்று கேட்டிருப்பார். காலையில் ரொட்டி சாப்பிட்டுவிட்டு வரும் பிள்ளைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

வணக்கம் சொல்லுதல், வரவு எடுத்தல், முன்னறிவைச் சோதித்தல் என்றெல்லாம் தயவுசெய்து எழுத வேண்டாம். அவை உங்களுக்கே தெரியும்.

இரண்டு தரங்களை ஒரே அறையில் வைத்துக் கற்பிப்பவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரண்டு தனிப் பாடக்குறிப்புகள் எழுதாதீர்கள். தொடக்கம் பொதுவாக இருக்கட்டும். பயிற்சி மட்டும் பிரியட்டும். எடை நிறுத்தலை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா காலையில் பறித்த தேயிலைக் கொழுந்து 8 கிலோ 500 கிராம், பின்னேரம் 7 கிலோ 750 கிராம். தரம் 4 பிள்ளைகள் கிராமையும் சேர்த்துக் கூட்டி 16 கிலோ 250 கிராம் என்று கண்டுபிடிக்கட்டும். தரம் 3 பிள்ளைகள் முழுக் கிலோக்களோடு நிற்கட்டும். கூட்டல் முடிந்ததும் சாக்குக்கும் ஈரத்துக்கும் எவ்வளவு கழிப்பார்கள் என்று ஏதாவதொரு பிள்ளை கேட்கும், பாருங்கள். அந்தக் கேள்வியைத் தட்டிவிடாதீர்கள். அடுத்த நாளின் கழித்தல் பாடம் அங்கேயே கிடைத்துவிட்டது.

மழைக்கென்று ஒரு பாடம் எப்போதும் கைவசம் இருக்கட்டும். ஜூன், ஜூலையில் ஹட்டன் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று வலுத்துவிட்டால் பாதி வகுப்பு வராது. அன்றைக்குப் புதிய பாடத்தை நடத்தி, வராத பிள்ளைகளுக்காக மறுபடியும் நடத்தி, இரண்டு நாட்களையும் வீணாக்காதீர்கள். வந்த பிள்ளைகளோடு மீட்டல் செய்யுங்கள்.

பாடம் முடிந்த கையோடு குறிப்பின் அடியில் இரண்டு வரி எழுதுங்கள்: எது விளங்கியது, எது விளங்கவில்லை. அடுத்த ஆண்டு அதே தாளை எடுத்து வேறு நிற மையில் திருத்தினால் போதும். பழைய குறிப்பைப் பயன்படுத்துவது குற்றம் என்று யாரோ உங்களைப் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். திருத்தாமல் பயன்படுத்துவதுதான் தவறு.

அதிபர்களிடமும் என்னைப் போன்ற ஆலோசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். பக்கங்களை எண்ணிக் கையெழுத்திட்டுப் பழக்கியவர்கள் நாம்தான். அழகான அடிக்கோட்டைக் கண்டு "மிக நன்று" என்று நானே எத்தனையோ புத்தகங்களில் எழுதியிருக்கிறேன். அதற்காக வருந்துகிறேன். இனி மேற்பார்வைக்குப் போகும்போது முதலில் ஐந்து பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளைக் கேளுங்கள். அரைப் பக்கக் குறிப்போடு வரும் ஆசிரியரை முறைக்காதீர்கள். அந்த அரைப் பக்கத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடம் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முந்தைய நாள் மாலை "நாளைக்கு அதிகாரி வருகிறார்" என்று சொல்லி இளம் ஆசிரியர்களை விடிய விடிய எழுத வைக்காதீர்கள்.

அந்த ஆசிரியையோடு பாடசாலை விட்ட பிறகு அரை மணித்தியாலம் உட்கார்ந்தேன். பின்னங்கள் அலகு முழுவதையும் ஒரு தாளில் எழுதி முடித்தோம். இடம் மிஞ்சியது. எழுந்து போகும்போது, "இதைக் காட்டினால் அதிபர் ஏற்றுக்கொள்வாரா, சேர்?" என்று கேட்டார். தாளின் அடியில் கையெழுத்திட்டு, திகதியும் போட்டுக் கொடுத்தேன்.