நாணயத்தில் பச்சை தெரிந்தால் உடனே தேய்க்காதீர்கள்

"பளபளன்னு ஆக்கிட்டேன் சார், பாருங்க" என்று ஒருவர் செப்புக் காசு ஒன்றை என் மேசையில் வைத்தார். எலுமிச்சைச் சாற்றில் இரவெல்லாம் ஊறப்போட்டு, காலையில் டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்திருக்கிறார். லென்ஸில் பார்த்தேன். முழுக்க மெல்லிய கீறல்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கிவிட்டது. நிறமோ தோலுரித்த மாதிரி ஓர் இளஞ்சிவப்பு.

பழைய நாணயங்களைப் பராமரிப்பதுதான் என் தொழில். காலம் கெடுத்த காசுகளைவிட, வைத்திருப்பவரே ஆசையாகக் கெடுத்த காசுகள்தான் என்னிடம் அதிகம் வருகின்றன. பச்சையாக எது தெரிந்தாலும் களிம்பு என்று சொல்லித் தேய்த்துவிடுகிறோம். ஆனால் அந்தப் பச்சையில் மூன்று வகை உண்டு.

முதலாவது நல்ல பச்சை. செம்பு நெடுங்காலம் மண்ணில் கிடக்கும்போது செம்பழுப்பாகக் குப்ரைட் (செம்பு ஆக்சைடு) படலமும், அதன்மேல் பச்சையாக மாலக்கைட்டும் (செம்பு கார்பனேட்) படியும். கெட்டியாக, வழவழப்பாக இருக்கும், நகத்துக்கு அசையாது. இதைத்தான் பாட்டினா என்கிறோம். காசின் நுணுக்கமான எழுத்தும் உருவமும் பல சமயம் இந்தப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். அதைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்தே போய்விடும்.

இரண்டாவதுதான் ஆபத்து. வெளிர்பச்சையாக, மாவு மாதிரி, புள்ளி புள்ளியாகக் கிளம்பும். பல் குத்தும் குச்சியால் மெதுவாகத் தொட்டாலே உதிரும். உதிர்ந்த இடத்தில் ஒரு குழி. சந்தேகமாக இருந்தால் காசைக் கறுப்புத் தாளில் வைத்து ஓரிரு நாள் விட்டுப் பாருங்கள். தாளில் பச்சைத் தூள் கிடந்தால் அது வெண்கல நோய்.

மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு காசுக்குள் புகுந்து, செம்போடு சேர்ந்து குப்ரஸ் குளோரைடு என்ற உப்பாக உட்கார்ந்திருக்கிறது. ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் அது பச்சைத் தூளாக மாறுகிறது. கூடவே ஹைட்ரோகுளோரிக் அமிலமும் உண்டாகிறது. அந்த அமிலம் அடுத்த செம்பை அரிக்க, மறுபடியும் குப்ரஸ் குளோரைடு. இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே இருக்கும் தூளை மட்டும் துடைத்துவிட்டால் சரியாகாது என்பது இதனால்தான். நோய் என்று பெயர் இருந்தாலும் கிருமி எதுவும் கிடையாது. ஆனாலும் குளோரைடுத் தூள் பக்கத்துக் காசில் விழக்கூடாது. முதல் வேலையாகத் தனியே எடுத்து வையுங்கள். தூளை நீக்கி, சோடியம் செஸ்குவிகார்பனேட் என்ற மிதமான காரக் கரைசலில் வாரக்கணக்கில் ஊறவைத்து, கரைசலை அவ்வப்போது மாற்றி, காய்ச்சி வடித்த நீரில் அலசி உலர்த்துவது ஒரு முறை. அதிலும் பாட்டினாவின் நிறம் கொஞ்சம் மாறலாம். செம்பு அரிக்காமல் தடுக்கும் பென்சோடிரையசோல் என்ற ரசாயனப் பூச்சும் உண்டு, ஆனால் அது உடம்புக்குக் கெடுதல்; வீட்டில் வேண்டாம். என்ன செய்தாலும் கடைசியில் ஈரப்பதம் 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் நோய் அடங்கிக் கிடக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். ஜெல் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும்; அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவது பச்சை, காசில் பிறந்ததே இல்லை. பிசுபிசுவென்று ஒட்டும். காசு போட்டு வைக்கும் பிவிசி பிளாஸ்டிக் கவர் நாளடைவில் இளகி வெளிவிடும் கசிவுதான் அது. கவரை மோந்து பாருங்கள், புது ரெயின்கோட் வாடை அடித்தால் அது பிவிசி. காசைக் கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோனில் போட்டு, தேய்க்காமல் விட்டாலே கசிவு கரையும். நகப்பூச்சு நீக்கி உதவாது, அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அடுப்புப் பக்கம் போகாதீர்கள். அப்புறம் காசை மைலார் (பிவிசி இல்லாத பாலியஸ்டர்) கவருக்கு மாற்றிவிடுங்கள்.

வெள்ளியில் தெரியும் கறுப்பு வேறு கதை. அது வெள்ளி சல்பைடு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைத்தாலே வந்துவிடும். கறுப்பைப் போக்கும் திரவத்தில் முக்கும்போதெல்லாம் மேற்பரப்பில் கொஞ்சம் கரைந்து போகிறது, பளபளப்பும் அதோடு செத்துவிடும். மிகப் பழைய வெள்ளி உள்ளுக்குள் நொய்ந்திருக்கும். கைதவறித் தரையில் விழுந்தால் இரண்டாக உடையலாம். நான் எப்போதும் துணி விரித்த மேசைமேல்தான் எடுப்பேன், அதுவும் விளிம்பைப் பிடித்து. விரல் வியர்வையிலும் உப்பு இருக்கிறதே.

டூத்பேஸ்ட் காசுக்கு வருவோம். எழுத்துகளின் இடுக்கில் இன்னும் வெள்ளையாகப் பேஸ்ட் ஒட்டியிருந்தது. காய்ச்சி வடித்த நீரில் அலசி, உலர்த்தி, மைலார் கவரில் போட்டுக் கொடுத்தேன். "பழைய நிறம் திரும்ப வருமா?" என்றார். ரசாயனம் தடவி நிறமேற்றலாம். நான் அதைச் செய்வதில்லை என்றேன்.